காதில் ப்ளூடூத் இருக்கையில்...



கடைத்தெருவில் நடந்து செல்கிறீர்கள். எதிரே வரும் ஒருவர், "அஸ்ஸலாமு அலைக்கும்! எப்போது ஊருக்கு வந்தீர்கள்? வீட்டில் அனைவரும் நலமா?" என்று உரக்கக் கேட்கிறார். முகம் நினைவுக்கு வரவில்லையே என்ற கூச்சத்துடன் நீங்களும் பதில் ஸலாம் கூறி, "அல்ஹம்து லில்லாஹ், எல்லோரும் நலம்" என்று தொடங்குகிறீர்கள். அவரோ உங்களைத் திரும்பியும் பாராமல் கடந்து போய்விடுகிறார். அப்போதுதான் அவர் காதில் விரல் நுனியளவு வெண்ணிறப் பொருள் ஒன்று செருகப்பட்டிருப்பது உங்கள் கண்ணில் படுகிறது. ஸலாம் போய்ச் சேர்ந்தது திருச்சிக்கோ துபாய்க்கோ! (பதில் ஸலாம் கூறியதில் நமக்கு நட்டம் ஏதுமில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.)

கடைக்காரர்கள் இதனை இயர்பட்ஸ் என்றும், கழுத்தில் வளையமாகக் கிடப்பதை நெக்பேண்ட் என்றும் பிரித்துச் சொல்வார்கள். மக்கள் வழக்கில் எல்லாமே 'ப்ளூடூத்'தான். உண்மையில் ப்ளூடூத் என்பது கருவியின் பெயரன்று. செல்போனையும் கருவியையும் கம்பியின்றி இணைக்கும் வானொலி அலை முறையின் பெயர். 1994ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் இம்முறைக்கான ஆய்வு தொடங்கியது. டச்சு நாட்டுப் பொறியாளர் யாப் ஹார்ட்சென் அதில் பெரும்பங்கு வகித்தார். 1998இல் எரிக்சன், இன்டெல், ஐ.பி.எம்., நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதனைப் பொதுவான முறையாக்கின.

பெயர் வந்த கதை சுவையானது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னருக்கு 'நீலப்பல்' என்பது பட்டப்பெயர். சிதறிக் கிடந்த கூட்டத்தாரை ஓராட்சியின் கீழ் இணைத்தவர் என்பதால், கருவிகளை இணைக்கும் முறைக்கு அவர் பெயரை வைக்கலாமென்று இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டக் முன்மொழிந்தார். மன்னரைப் பற்றி அவர் அறிந்தது சுவீடன் எழுத்தாளர் ஃபிரான்ஸ் பெங்ட்சன் எழுதிய ஒரு வரலாற்று நாவலின் வாயிலாக. அந்நாவலின் நாயகன் அந்தலூஸியாவில் சிறைப்பட்டு, பின்னர் அல்மன்சூரின் மெய்க்காவற் படையில் பணியாற்றுகிறான் என்பது நம் வாசகர்களுக்கு இன்னும் சுவை தரக்கூடும். கைப்பேசித் திரையில் நீங்கள் காணும் ப்ளூடூத் சின்னம், அம்மன்னரின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய வடபுல எழுத்து வடிவில் பின்னியதே.

வரலாறு இருக்கட்டும். அன்றாடம் இதனோடு படும் பாட்டுக்கு வருவோம். "புதிதாக வாங்கியதுதான், ஆனாலும் விட்டு விட்டுக் கேட்கிறது" என்று பலர் குறைப்படுகின்றனர். செல்போன் வலப்பக்கப் பையிலும் கருவி இடக்காதிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவது, மிகவும் நலிந்தது, நீரைக் கடக்க இயலாமல் தேய்ந்துபோவது. மனித உடலோ பெரும்பகுதி நீர். ஆகவே உங்கள் உடலே குறுக்குச் சுவராகிவிடுகிறது. போனை அதே பக்கத்துப் பைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலையளவில்தான் இயங்குகிறது; அது சுழலும் வேளையில் சமையலறையில் பேச்சு கரகரப்பதற்குக் காரணம் இதுவே.

பெண்மணிகளுக்கு வேறொரு தொல்லை. முக்காட்டின் துணி கருவியின் ஒலிவாங்கித் துளையில் உராய்ந்தால், மறுமுனையில் இருப்பவருக்குச் சருகில் நடப்பதுபோல் சரசரவென்று கேட்கும். பேசுபவருக்கோ அது தெரியாது. (செல்போனையே முக்காட்டுக்கும் காதுக்கும் இடையே செருகிக்கொண்டு சமையலைக் கவனித்த நம் சகோதரிகள், ப்ளூடூத்துக்கு முன்பே கைபடாத பேச்சைக் கண்டவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்!)

கருவியை மாட்டியவர்கள் ஏன் கத்திப் பேசுகிறார்கள்? பழைய தொலைபேசியில் நாம் பேசுவது நம் காதிலும் மெல்ல ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். அதனால் நம் குரலின் அளவு நமக்குத் தெரிந்தது. காதை அடைத்து நிற்கும் கருவிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. போதாக்குறைக்கு, இரைச்சல் காதில் விழும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினார். ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பேசிப் பாருங்கள். குரல் தானே இறங்கும்.

இனி, நம் வீடுகளோடு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன்.

வளைகுடாவில் பொருளீட்டும் கணவரின் குரலைக் கேட்பதற்கு நம் குடும்பப் பெண்கள் எத்தனை வழிகளில் காத்திருந்தார்கள்! ஊருக்கு வருபவரிடம் கேஸட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று. எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஓடும் எண்களைப் பார்த்தவாறே சொல்ல வந்ததை விழுங்கிய காலம் ஒன்று. வீட்டுக் கூடத்தில் தொலைபேசி வந்தபின் மாமியார், நாத்தனார், பிள்ளைகள் அனைவரும் சுற்றி நிற்க, "நலம்தானே? நலம்தான்" என்பதற்கு மேல் என்ன பேசிவிட முடியும்? இன்று அப்பெண் மீன் கழுவிக்கொண்டே பேசுகிறாள். ஷார்ஜாவில் அறையில் தனித்திருக்கும் கணவன், இங்கே தாளிக்கும் ஓசையைக் கேட்டு, "என்ன ஆணம்?" என்று வினவுகிறான். பேச ஒன்றுமில்லாதபோதும் இருவரும் இணைப்பைத் துண்டிப்பதில்லை. மூன்றங்குலம்கூட இல்லாத கருவி அந்த இல்லறத்துக்குச் செய்யும் உதவியை எளிதாக எண்ணுவதற்கில்லை. கூட்டுக் குடும்பத்தில் கணவன் மனைவிக்கு வாய்த்த தனிமை அது.

அதே சமையலறையின் மறுமூலையில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மாமியாரின் நிலையையும் பாருங்கள். "ஆமாம்... அப்படித்தான்... நான் என்ன செய்வது?... சரி, அப்புறம் சொல்கிறேன்" என்று மருமகள் கூறுவது மட்டும் அவர் காதில் விழுகிறது. 'அப்புறம்' சொல்லப்போவது எதை? தம்மைப் பற்றியோ? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இருவர் பேச்சையும் முழுமையாகக் கேட்பதைவிட ஒருவர் பக்கத்தை மட்டும் கேட்பதே கேட்பவரின் கவனத்தை அதிகம் சிதறடிக்கிறது என்று கண்டது. விடுபட்ட பாதியை ஊகிக்க மூளை ஓயாமல் முயல்கிறதாம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு நமக்கு எரிச்சலூட்டுவதும் இதனாலேயே. பேருந்திலிருந்து இறங்கிப் போய்விடலாம். வீட்டில் அந்த ஊகம் நாள்தோறும் சேர்ந்து, ஒருநாள் வேறொரு சிறு காரணத்தைப் பற்றிக்கொண்டு வெடிக்கிறது.

தவறு மருமகளிடமும் இல்லை, மாமியாரிடமும் இல்லை. ஆயினும் வழி இருக்கிறது. பேச்சின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் போனை ஸ்பீக்கரில் வைத்து, "மாமி, உங்கள் மகன் ஸலாம் சொல்கிறார்" என்று அவரையும் பேச வைத்துவிட்டுப் பின்னர் கருவியை மாட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அவ்வீடுகளில் இந்தப் பூசல் குறைவு என்பது நான் நேரில் கண்டது. கணவன்மாரும் இதில் பங்கேற்க வேண்டும். தாயிடம் வாரத்துக்கு ஒருமுறை கடமைக்குப் பேசிவிட்டு, மனைவியிடம் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பேசினால், அதன் விலையைச் செலுத்துபவள் இங்கிருக்கும் மனைவிதான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. காதில் கருவி இருக்கிறதா என்பது தெரிந்தாலும், அதில் ஒலி ஓடுகிறதா என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரிவதில்லை. உம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், மகன் தலையசைக்கிறான். தமக்காகவா, காதுக்குள் பேசுபவருக்காகவா? "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று நீங்கள் உண்மையே சொன்னாலும் அவர் மனம் ஒப்பாது. பெரியவர்கள் பேசத் தொடங்கியதும் கருவியைக் கழற்றி அவர்கள் பார்வையில் படும்படி மேசைமேல் வைத்துவிடுங்கள். ஒலியை நிறுத்தினால் போதாதா என்று வாதிடாதீர்கள். நிறுத்தியதை அவர் எவ்வாறு அறிவார்? மருந்துக் கடையிலும் வங்கியிலும் எதிரே நிற்பவரிடம் பேசும்போதும் இதே முறைதான்.

காருக்குள் இருக்கும் ப்ளூடூத் இன்னும் பொல்லாதது. ஓர் இல்லத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெண் பார்க்க வந்தவர்களை வழியனுப்பக் கணவர் வாசலில் காரை இயக்குகிறார். உள்ளே மனைவி, அவருடைய போனை எடுத்துத் தம் சகோதரியிடம், வந்தவர்களைப் பற்றிய கருத்துகளைத் தாராளமாக எடுத்துரைத்துக்கொண்டிருக்கிறார். கார் உயிர்பெற்றதும், பழகிய போனைப் பத்து மீட்டருக்குள் கண்டுகொண்டு இணைந்துவிட்டது. மறுமுனையில் சகோதரி கேட்ட கேள்வியெல்லாம் காரில் அமர்ந்திருந்த சம்பந்தியார் செவியில் ஒலித்தது. அழைப்பு நடக்கும்போது ஒலி எந்தக் கருவிக்குச் செல்கிறது என்பதைத் திரை காட்டும். அந்தரங்கம் பேசுமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

சாலைக்கு வந்தால் விளையாட்டுப் பேச்சு நின்றுவிடுகிறது. "போனைக் கையில் பிடிக்கவில்லையே, ப்ளூடூத்தில்தானே பேசுகிறேன்" என்று தலைக்கவசத்துக்குள் கருவியைச் செருகிக்கொண்டு விரைகிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கையில் பிடிக்கும் கருவிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால், மற்றது பாதுகாப்பானது என்று கருதிவிட்டார்கள் போலும். யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் உடன் ஆய்வாளரும் 2001இலேயே இதனைச் சோதித்தனர். கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுபவரின் கவனம் ஒரே அளவில் கெடுகிறது என்பதே முடிவு. சிதறுவது கையன்று, சிந்தை. பக்கத்தில் அமர்ந்திருப்பவருடன் பேசலாமே என்பீர்கள். அவர் சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கிட்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு லாரி தெரியாது. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பவர்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நாளிதழ்களில் படிக்கிறீர்கள்.

கதிர்வீச்சு குறித்து அஞ்சிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: காதில் மாட்டும் ப்ளூடூத் வெளியிடும் ஆற்றல், காதோடு சேர்த்துப் பிடிக்கும் செல்போன் வெளியிடக்கூடிய உச்ச ஆற்றலைவிடப் பன்மடங்கு குறைவு. அஞ்ச வேண்டியது ஒலியின் அளவுக்கு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபலானால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறுவது பத்தே எண். குறைவதோ பத்தில் ஒன்றாக! உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பிள்ளைகளின் போனில் ஒலியின் உச்ச வரம்பை அமைக்கும் வசதி இருக்கிறது, இன்றே அமைத்துவிடுங்கள். ஒருவர் காதில் மாட்டியதை மற்றவர் மாட்டுவதும் வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால் இதனைப் படித்துக் காட்டுங்கள். பேரன் நாள் முழுதும் காதில் கருவியுடன் திரிவதை நாகரிகம் என்கிறோம். பாட்டனாரோ காது மிஷின் மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, நிக்காஹ் வீட்டில் ஒரு மூலையில் புன்னகையோடு மட்டும் அமர்ந்திருக்கிறார். இன்றோ இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. காது மிஷின்கள் பலவும் ப்ளூடூத் வழியே செல்போனுடன் இணைகின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ வகையொன்றை, ஓரளவு செவிக்குறை உள்ள வயது வந்தோருக்குக் காது மிஷினாகவும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இசைவளித்தது. எதை வாங்குவதற்கு முன்பும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேள்திறன் சோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு உண்டு. மாட்டிய முதல் சில வாரங்கள் பாத்திர ஓசையும் மின்விசிறி ஓசையும் பெரிதாகக் கேட்டு அவரை அலைக்கழிக்கும். "எடுத்து வைத்துவிடுகிறேன்" என்பார். அந்நாட்களில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாக அவரிடம் பேசுங்கள். உரக்கக் கத்த வேண்டாம். முதல்நாள் ஒரு மணி நேரம், பின்னர் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம்.