எண்ணெய்க்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

முடி உதிர்கிறது என்று சொல்லி வரும் பெண்களில் பலர், அதைச் சொல்வதற்கே தயங்குகின்றனர். ‘பெரிய நோய் ஒன்றும் இல்லை, டாக்டர்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். உடன் வந்த கணவரோ மாமியாரோ சிரிப்பதும் உண்டு. அந்தச் சிரிப்பு எனக்கு உடன்பாடில்லை. பெண்ணின் முடி உதிர்வை அழகு பற்றிய கவலையாக மட்டும் கருதி ஒதுக்குவதால், அதன் பின்னே மறைந்திருக்கும் நோயையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீர் எடைக்குறைவு ஆகியவற்றால் உடல் அதிரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும்பங்கு ஒரே காலத்தில் ஓய்வு நிலைக்குச் செல்கிறது. ஆனால் அவை உடனே உதிர்வதில்லை. இரண்டு, மூன்று மாதங்கள் கழித்தே கொத்தாகச் சீப்பில் வருகின்றன. ஐப்பசியில் வந்த டெங்குவுக்குத் தையில் முடி கொட்டும். பழியோ, இடையில் மாற்றிய ஷாம்பூவின் மீதும் குளிக்கும் தண்ணீரின் மீதும் விழும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. குழந்தையின் சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை எனினும், காலக்கணக்கு ஏறத்தாழச் சரியானதே. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

அடங்காமல் தொடரும் உதிர்வே என்னைக் கவலையுறச் செய்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்பவர் யார், மாதந்தோறும் இரத்தம் இழப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணிக்கை வியப்பளிக்காது. ஈராண்டுகளாக விதவிதமான தைலங்களைத் தேய்த்துச் சலித்து வந்த ஒரு பெண்மணியிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன். எட்டு, ஒன்பது நாள் போகும் என்றார். அது இயல்பென்றே எண்ணியிருந்தார். பரிசோதனையில் கருப்பையில் நார்க்கட்டி இருந்தது. முடி உதிராவிட்டால் அவர் மருத்துவரிடம் வந்திருக்கவே மாட்டார்.

ஆகவே ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டின், தைராய்டு அளவுகளையும் பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கக் கூடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிய கையோடு காபி, தேநீர் அருந்தினால் சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வகிடு அகன்றுகொண்டே போவது வேறு வகை. அதில் பரம்பரைக்கும் பங்குண்டு. மாதவிலக்கு தவறுதலும் முகத்தில் முடி வளர்தலும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலையும் ஆராய வேண்டும். வகிடு அகல்வதற்குத் தலையில் தடவும் மினாக்ஸிடில் பயன் தரும். தொடக்க வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடும்; அஞ்சி நிறுத்திவிடுபவர்கள் பலர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். கருவுற்றிருப்போர் அதைப் பயன்படுத்தலாகாது. வட்டவட்டமாக முடி கொட்டும் ‘புழுவெட்டு’ எந்தப் புழுவாலும் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றலே முடி வேரைத் தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயத்தை வைத்துத் தோல் எரியும்வரை தேய்க்காமல் தோல் மருத்துவரிடம் வாருங்கள்.

நான் எண்ணெய்க்குப் பகைவன் அல்லன். எண்ணெய் முடியை மென்மையாக்கும்; உடைவதைக் குறைக்கும். ஆனால் இரத்தத்தில் இல்லாத இரும்பை அது வேருக்குக் கொண்டு சேர்க்காது.

பயோட்டின் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்போருக்கு ஒரு வேண்டுகோள். அதன் குறைபாடு நம்மில் அரிது. மிகுந்த அளவில் உட்கொண்டால் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே அது பிறழச் செய்யும். இரத்தம் கொடுக்கும் முன், அதை உண்பதாக ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கூறுவார்கள்.