நீல நிலாவில் வந்த மாமா!



எனக்குத் தெரிந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், 'இனி இங்கிலீஷ் நோட்டைத் தொடவே மாட்டேன்' என்று இரண்டு நாட்களாக அடம்பிடித்தான். என்ன விஷயம் என்று விசாரித்தேன்.

'மை அங்கிள் விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னாராம் டீச்சர். இவன், 'என் மாமா நீல நிலாவில் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருகிறார்' என்று எழுதிவிட்டான். 'உங்க மாமா ராக்கெட்ல வருவாராடா?' என்று வகுப்பே கைகொட்டிச் சிரித்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள்... அவன் எழுதியதில் எந்த வார்த்தைக்காவது அர்த்தம் தப்பா? இல்லையே! ஆனாலும், விடை தப்பு. காரணம், இது ஒரு மரபுத்தொடர். வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் பொருள் கிடைக்காது. 'எப்போதாவது, மிக அரிதாக' என்பதே இதன் பொருள். வாரா வாரம் வரும் மாமாவுக்கு இதைச் சொல்லக் கூடாது!

சரி, அதென்ன நீல நிலா? ஒரு பவுர்ணமிக்கும் அடுத்த பவுர்ணமிக்கும் இடையே சுமார் 29.5 நாட்கள். எனவே, மாதத்துக்கு ஒரு பவுர்ணமி வருவதுதான் வழக்கம். மாதத் தொடக்கத்திலேயே ஒன்று வந்துவிட்டால், கடைசியில் இன்னொன்றும் வரும். அந்த இரண்டாவது பவுர்ணமியை இன்று 'ப்ளூ மூன்' என்கின்றனர். 2023 ஆகஸ்ட் மாதத்தில் அப்படி வந்தது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறைதான் இது நிகழும். நிறம் என்னவோ வழக்கமான நிறம்தான்!

நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததும் உண்டு. 1883ல் இந்தோனேஷியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது, வானில் பரவிய துகள்களால் சில இடங்களில் அப்படித் தெரிந்தது.

இதையே நம் பாட்டி எப்படிச் சொல்வார்? 'என்னப்பா, அத்தி பூத்தாற்போல வந்திருக்கே!' என்பார். அத்தி பூக்காமல் இல்லை. காய் போலத் தெரிவதற்கு உள்ளேயே பூக்கள் ஒளிந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. அவர்கள் நிலாவைப் பார்த்துச் சொன்னதை, நாம் மரத்தைப் பார்த்துச் சொன்னோம். அத்திப்பூவை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி ஓர் இங்கிலாந்துக்காரரிடம் சொன்னால், அவரும் திருதிருவென்றுதான் விழிப்பார்!

அதனால்தான் சொல்கிறேன்... ஆங்கிலத்தில் புதிய தொடர் ஒன்றைப் பார்த்தால், 'இதற்கு ஒவ்வொரு வார்த்தையாக என்ன அர்த்தம்?' என்று கேட்காதீர்கள். 'இதே விஷயத்தை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்?' என்று கேளுங்கள். தமிழ் நன்றாகத் தெரிந்தால், ஆங்கிலமும் சுலபமாகும்.

இன்னொன்று... தப்பாக எழுதிய நண்பனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எழுத முயன்றதால்தானே தப்பு வந்தது? நீங்கள் சிரித்தால், அடுத்த முறை அவன் கையே தூக்க மாட்டான்.

நம் மாணவன் மறுபடி எழுதினான்: 'என் மாமா அத்தி பூத்தாற்போல எங்கள் வீட்டுக்கு வருகிறார்.' டீச்சர் 'வெரிகுட்' போட்டாராம்!

நீங்களும் இங்கிலீஷ் புத்தகத்தை 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' திறக்காமல், தினமும் திறங்கள். சரியா குட்டீஸ்!