பூசம் எங்கே இருக்கிறது?

கோவிலில் அர்ச்சனை செய்ய வேண்டுமானால் பெயர், கோத்திரம், நட்சத்திரம் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். அர்ச்சகர் ஒரு நாள் வேடிக்கையாக, "அந்த நட்சத்திரம் ஆகாயத்தில் எங்கே இருக்கிறது, சற்றுக் காட்டும் பார்க்கலாம்" என்று கேட்டுவிட்டால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? நாம் தேறியிருக்க மாட்டோம் என்பதை நேயர்களிடம் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

இந்த வெட்கத்தைத் தீர்த்துக் கொள்ளவே மூன்று அங்குல வாயுள்ள சிறிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கினோம். சென்ற புரட்டாசியில், மகாளய அமாவாசைக்கு முதல் நாள் விடியற்காலையில், கிராமத்தில் நம் பெரியம்மா வீட்டு மொட்டை மாடிக்கு அதைச் சுமந்து சென்றோம். பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. கண் புரைக்குச் சிகிச்சை செய்து கொண்டவர். ஜன்ம நட்சத்திரம் பூசம்.

புரட்டாசியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்கலாம். தை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெரியும் நட்சத்திரங்கள் யாவும் புரட்டாசியில் விடிவதற்கு முன்பே ஆகாயத்தில் வந்து கூடிவிடுகின்றன. முன்னிரவு பெய்த மழை தூசியைக் கழுவியிருக்கும். அமாவாசையை ஒட்டி நிலவின் தொல்லையும் கிடையாது. நாலரை மணிக்கு முன் பார்த்து முடித்துவிட வேண்டும். அதன் பிறகு கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். சூரியன் எழுமுன் கண்ணாடியைக் கட்டாயம் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அதன் வழியே சூரியனைப் பார்த்தவனுக்குப் பிறகு பார்க்கக் கண் இராது.

நமக்குக் குறுக்கே நின்றது பக்கத்து வீட்டு மாடியில் விடிய விடிய எரியும் விளக்கு. கண் இருட்டுக்கு முழுதும் பழகுவதற்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் அத்தனையும் வீண். வீட்டுக்காரரை எழுப்பி விண்ணப்பித்தோம். "திருடன் வந்தால் யார் பொறுப்பு?" என்றார். "அரை மணி நேரத்துக்கு நாங்களே காவல் இருக்கிறோம்" என்று வாக்களித்தோம். விளக்கு அணைந்தது. இரண்டாயிரம் வருஷத்து ஆகாயம் திரும்பி வந்தது.

தலைக்கு நேர் மேலே கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு ஆறு, கண்ணாடிக்குள் கணக்கு வழக்கில்லை. கலிலியோ 1610-இல் தம் கண்ணாடியால் பார்த்து, தெரிந்த ஆறுடன் புதிதாக முப்பதைச் சேர்த்து வரைந்து அச்சிட்டார். உண்மையில் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன. யாவும் ஒரே மேகத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. வயது சுமார் பத்துக் கோடி வருஷம். நட்சத்திரக் கணக்கில் இது பால்யப் பருவம். ஆகையால்தான் அந்த நீல ஒளி.

அடுத்தது ரோகிணி. செந்நிறமான அந்த ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு கூட்டம் உண்டு. ஆனால் ரோகிணி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கூட்டம் சுமார் 150 ஒளி வருஷத் தூரத்தில் இருக்க, ரோகிணி 65 ஒளி வருஷத்திலேயே நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வழிப்போக்கனை வீட்டு எஜமான் என்று நினைத்த கதைதான்.

பிறகு பூசம். உயரே நிற்கும் புனர்பூச இரட்டையருக்கும் கீழ்வானில் எழும் மகத்துக்கும் நடுவே தேடினோம். சுவரில் விபூதி விரலைத் தடவியது போல ஒரு மங்கிய கறை. அவசரத்தில் நூறு மடங்குக்கு மேல் பெருக்கும் வில்லையைப் பொருத்தினோம், ஒன்றும் புரியவில்லை. பூசக் கூட்டம் முழுநிலவைப் போல மூன்று மடங்கு அகலம். யானையைச் சாவித் துவாரத்தின் வழியே பார்த்தால் என்ன தெரியும்? இருபது மடங்கு வில்லையை மாற்றினோம். கறை கரைந்து, பத்தும் இருபதுமாகச் சுடர்கள் பிரிந்து நின்றன.

பெரியம்மா குனிந்து பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை.

"என் நட்சத்திரம் ஒன்று என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! இத்தனை பேரா?" என்றார் கடைசியில்.

இந்த ஒளி புறப்பட்டுச் சுமார் அறுநூறு வருஷம் ஆகிறது. அப்போது தமிழ்நாட்டில் விஜயநகர ஆட்சி நடந்தது என்று சொன்னோம். இந்தக் கூட்டமும் நிலைத்திராது. கூட்டுக் குடும்பம் போல மெல்ல மெல்லப் பிரிந்து போகும். நம் சூரியனும் இப்படி ஒரு கூட்டத்தில் பிறந்து உடன்பிறந்தவர்களைப் பிரிந்தது என்றே விஞ்ஞானிகள் கருதுகிறார்கள் என்றும் சொன்னோம். "எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்றார் பெரியம்மா.

நட்சத்திரப் பெயர்களை நமக்கு வைத்துவிட்டுப் போனவர்கள் ஆகாயத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கமும் கண்ணால் கண்டதற்கு ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடினார். திருக்கணிதம் என்ற சொல்லில் உள்ள 'திருக்' பார்வையைக் குறிப்பதுதான். இன்றோ பெயரைப் பத்திரமாக வைத்துக் கொண்டு பொருளை இழந்து வருகிறோம். நகரங்களில் பூசம் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை யாரும் திருடவில்லை. மேல்நோக்கி எரியும் நம் விளக்குகளே மறைத்தன. விளக்குக்கு ஒரு மூடி போட்டு ஒளியைத் தரையில் விழச் செய்தால் வீதிக்கும் வெளிச்சம் அதிகம், ஆகாயத்துக்கும் இருள் மிச்சம்.

கிழக்கு வெளுத்தபோது பக்கத்து வீட்டுக்காரரே மாடியேறி வந்துவிட்டார்.

"என் நட்சத்திரம் அனுஷம். எங்கே, காட்டுங்கள்."

"இப்போது காலுக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வைகாசியில், நிலவில்லாத ஓர் இரவில் காட்டுகிறோம்."

அவர் சற்று யோசித்தார்.

"அன்றைக்கும் விளக்கை அணைக்க வேண்டுமோ?" என்றார்.

"அவசியம் அணைக்க வேண்டும்" என்றோம். சம்மதித்துவிட்டார்.