வென்ற கோப்பை நிலைக்குமா?

கோப்பையோடு ஊர் திரும்பும் அணிக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் கேள்வி கிளம்பிவிடுகிறது: அடுத்த ஆண்டும் வெல்லுமா? திருத்தங்கல் தேநீர்க் கடைப் பெஞ்சிலே இதற்குக் கிடைக்கும் விடைகள் இரண்டு. "ராசி இருந்தால் வெல்லும்" என்பார் ஒருவர். "பணம் இருந்தால் வெல்லும்" என்பார் மற்றவர். முதல் விடையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ராசியும் நட்சத்திரமும் பந்தை உதைத்ததாக வரலாறு இல்லை. இரண்டாம் விடையில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் தமிழ்நாட்டுக் கால்பந்துக் கழகங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. (கழகம் என்றதும் நம்மவர்க்கு வேறு நினைவு வரும். இங்கே நாம் பேசுவது பந்துக் கழகம்!)

நம் அண்டையிலே உள்ள சேது கழகத்தையே பார்ப்போம். மதுரையைத் தாயகமாகக் கொண்ட பெண்கள் அணி அது. 2019 மே திங்களில் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, தென்னாட்டுக்குக் கோப்பையைக் கொண்டுவந்தது. மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்திலே சாமானியமா? தேசியப் பட்டத்தை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம்! அந்த மாநிலத்து அணியை வைகைக் கரைக் கழகம் வென்றது என்ற செய்தியைப் படித்து நாம் பூரித்தோம்.

ஒன்பது மாதம் சென்றது. 2020 பிப்ரவரியில், பெங்களூரில், அதே சேது அணி அரையிறுதியிலே கேரளத்துக் கோகுலம் அணியிடம் 0-3 என்று தோற்றது. காரணம் என்ன? சேதுவுக்காக ஆடிய நேபாள வீராங்கனை சாபித்ரா பண்டாரியும் பஞ்சாபின் மனிஷா கல்யாணும் அந்த ஆண்டு கோகுலம் அணியின் சட்டையை அணிந்திருந்தார்கள். இறுதியாட்டத்தில் கோகுலத்துக்கு 3-2 என்ற வெற்றியைத் தந்த கோலும் சாபித்ராவின் காலிலிருந்தே பிறந்தது. கோப்பை மதுரையிலே இருந்தது. அதை வென்ற கால்கள் கோழிக்கோட்டுக்குப் போய்விட்டன.

அந்த வீராங்கனைகளைக் குறை கூறுவோர் உண்டு. நாம் கூறமாட்டோம். கூடுதல் கூலி தருமிடத்துக்குத் தொழிலாளி போவது துரோகம் என்று நாம் எந்த நாளும் எழுதியதில்லை. தீப்பெட்டி ஆபீசில் ஒரு நியாயம், பந்தாட்டத் திடலில் ஒரு நியாயமா? போனவர்கள்மேல் பழி இல்லை. போனவர் இடத்தில் நிறுத்த நம் பக்கத்துப் பெண் ஒருத்தி ஏன் தயாராக இல்லை என்பதே நம் கேள்வி.

ஆண்கள் கழகங்களின் கதை இதைவிடப் பரிதாபமானது. சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. அடுத்த பருவத்தில் பத்து அணிகளிலே பத்தாவதாக நின்றது. கோவையில் ஆடிய சென்னை சிட்டி கழகம் 2018-19 ஐ-லீக்கில் 43 புள்ளிகள் பெற்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் கொண்டது. 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி ஸ்பெயினிலிருந்து வந்தவர். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. இனிக் குறை ஏது என்றார்கள்! மான்சி ஜப்பானுக்குப் போனார். 2021-22 பருவத்திலே ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. தலைவரை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைத்து, கிளைகள் கட்டாமல் மாநாடு நடத்தும் கட்சி எத்தனை தேர்தலுக்குத் தாங்கும்? அதே கதைதான்.

"கோகுலம் மட்டும் மூன்று முறை தொடர்ந்து வென்றதே, அதுவும் பணத்தால்தானே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2019-20, 2021-22, 2022-23 என்று நடந்த மூன்று லீக்குகளும் அதற்கே. ஆனால் அதன் பின்? 2023-24இல் ஒடிசா, 2024-25இல் ஈஸ்ட் பெங்கால். கோகுலத்துக்குப் பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் அந்தோனி ஆண்ட்ரூஸ்தான் ஈஸ்ட் பெங்காலுக்கும் வாங்கித் தந்தார். பணம் கட்டிய கோட்டைக்கு அதைவிடப் பெரிய பணம் வரும்வரையில்தான் ஆயுள்.

சேதுவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2022இல் புவனேசுவரத்தில் பன்னிரண்டு அணிகள் மோதின. சேது தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. கடைசி நாளில், அதேபோல் பத்தும் வென்றிருந்த கோகுலத்திடம் 1-3 என்று தோற்று இரண்டாமிடம் பெற்றது. விழுந்த அணி இரண்டே ஆண்டில் எழுந்து அவ்வளவு தூரம் வந்தது சிறிய செயல் அல்ல. எழ முடியும், நிற்பதுதான் பாடு. 2023-24இல் ஒரே ஊரில் கூடி ஆடும் முறை மாறி, சொந்த ஊரிலும் எதிரி ஊரிலுமாக மாதக்கணக்கில் ஆடும் முறை வந்தது. பதினோரு பேரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. இருபத்தைந்து பேர் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

கடலூரின் இந்துமதி கதிரேசனைப் பாருங்கள். சேதுவுக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். அரசு வேலை என்ற பிடிமானம் இருந்ததால், பந்தை விட்டுவிட்டுப் பிழைப்பைத் தேடு என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் கட்டாக்கிலும் 2023இல் அமிருதசரசிலும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வென்றார்கள் என்றால், அப்படிப்பட்ட பிடிமானங்களுக்கும் அதில் பங்குண்டு. விளையாட்டு வீரர்க்கு அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கீடு என்பது சலுகை அல்ல, அணியைக் காக்கும் வேலி என்பதைப் பரிகசிப்போர் உணரட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசி வட்டாரத்துச் சிறுவர் உழைப்பு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்நாளில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கிய சிறுமிகளின் பெண்மக்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இது மகத்தான மாறுதல். ஆனால் மாலை நாலரை மணிக்கு மணி அடித்த பின் அந்தப் பெண் எங்கே ஓடுவாள்? பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு பொட்டலைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு வீட்டு வேலை காத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் வேலையோ மணமோ காத்திருக்கிறது.

2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுக் கருவிகள் வழங்கப்பட்டதை நாம் வரவேற்றோம். ஆயினும் திருத்தங்கல் ஊராட்சி அல்லவே! 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. மாநகராட்சி என்ற பெயர் கிடைத்தது. வரிச் சீட்டும் வருகிறது. அந்த வரியிலிருந்து பெண்களுக்கென்று மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிய ஒரு திடலும், அதற்கு விளக்கும், சம்பளம் பெறும் பெண் பயிற்சியாளர் ஒருவரும் வேண்டும் என்று கேட்கிறோம். தேர்ந்த பெண்கள் மதுரைக்குப் போய்ப் பயிற்சி பெறப் பேருந்துக் கட்டணம் வேண்டும். பட்டாசு முதலாளிகள் கோவில் விழாவுக்குத் தரும் நன்கொடையில் ஒரு பங்கு இதற்கும் வரட்டும்.

சேது அடுத்த பருவத்தில் வெல்லுமா என்று கேட்ட நண்பர்களுக்கு நம் விடை: ஒரு பருவம் வெல்லலாம், மறு பருவம் தோற்கலாம். அந்த அணியின் பட்டியலில் சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என்று பிறந்த ஊர் எழுதிய பெயர்கள் எத்தனை என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணிப் பாருங்கள். மாமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் திடல் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவரப் போகும் உறுப்பினர் யார் என்பதையும் நாம் கவனித்துக்கொண்டிருக்கிறோம்.