பாதிச் சுவரும் முழுக் கடனும்

திருகோணமலைத் துறைமுகத்தை 1957ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒப்படைத்துச் சென்றனர். கப்பல்கள் தங்கக் கடலில் இடமுண்டு. துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பம் தங்க நகரில் இடமில்லை. கடற்படைக்கும் துறைமுக அதிகார சபைக்கும் உரிய பரந்த காணிகள் ஒருபுறம். எஞ்சிய பரப்பில் எட்டாத விலை மறுபுறம். ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாடகை வீட்டிலேயே ஓய்வூதிய வயதை அடைகின்றனர்.

வீடு தருவோம் என்ற அரசுகள் செய்தது யாது? 2015க்கும் 2019க்கும் இடையில், தவணைப் பணம் தருவதாகக் கூறித் தேசிய வீடமைப்பு அதிகார சபை வடக்கிலும் கிழக்கிலும் ஏழைகளை வீடு கட்டத் தொடங்கச் செய்தது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, பணமும் நின்றது. கொட்டிலைப் பிரித்து அத்திவாரமிட்டவர்கள் கூரையின்றி நின்றனர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, கடன்பட்டு முடிக்கும் வழியும் அடைபட்டது.

மந்திரிகள் மாறலாம், அரசு கொடுத்த வாக்கு மாறலாகாது. முன்னவர் தொடங்கினார் என்பதற்காக ஏழையின் வீட்டைக் கைவிடுவது தலைமைத்துவம் அன்று.

நாம் கேட்பவை மூன்று. புதிய அடிக்கல் நாட்டுமுன் பாதி வீடுகளை முடித்துக் கொடுங்கள். முடியும்வரை அவற்றின்மேல் கடன் தவணை அறவிடாதீர்கள். துறைமுகத் தேவைக்கு மிஞ்சிய காணி எவ்வளவென்று வெளியிட்டு, காணியற்றோருக்குப் பகிர்ந்தளியுங்கள்; அதன் பேரில் உழவர் வயலில் கைவைக்காதீர்கள்.

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர் தம் காணியை மீளப் பெறப் பத்தாண்டுகள் காத்திருந்தனர். இன்னொரு பத்தாண்டு காத்திருக்க இம்மாவட்டம் ஒருப்படாது.