சாண்டோ டொமிங்கோவுக்கு அரை நாள் போதாது

டொமினிக்கன் குடியரசுக்குச் சுற்றுலா போகிறவர்களில் மிகப் பலர் அதன் தலைநகரை எட்டிப்பார்ப்பதோடு சரி. நாட்டின் கிழக்கு முனையில் உள்ள புன்டா கானாவின் கடற்கரை விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குவார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பேருந்து ஏறி, சாண்டோ டொமிங்கோவில் ஒரு தேவாலயம், ஒரு மாளிகை, ஒரு கலங்கரை விளக்கம், ஒரு குகை என்று பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். குளிருக்குத் தப்பி கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் போய்வரும் நம்மவர்களைக் கேட்டாலும் இதே பேச்சுதான். "கொலம்பஸ் கட்டின பழைய ஊர். அமெரிக்காவிலேயே முதல் தேவாலயம், முதல் ஆஸ்பத்திரி, முதல் யுனிவர்சிட்டி எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. அரை நாள் போதும். அதைத் தாண்டி அங்க ஒண்ணும் இல்ல. ராத்திரி தங்கறதும் சரிப்படாது."

இதில் உள்ள ஒவ்வொரு கூற்றும் தவறு, அல்லது பாதி உண்மை. அந்த நகரத்தில் நடந்தவற்றைத் தெரிந்துகொண்ட யாரும் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

முதலில் கொலம்பஸ். ஊரை நிறுவியவர் அவரல்ல. அவருடைய தம்பி பார்த்தலோமேயு. அதுவும் 1490களின் பிற்பகுதியில், ஒசாமா ஆற்றின் கிழக்குக் கரையில். இன்று பயணிகள் நடக்கும் பழைய நகரம் இருப்பது மேற்குக் கரையில். 1502இல் ஆளுநராக வந்த நிக்கோலாஸ் தே ஒவாண்டோ, புயலில் அழிந்த ஊரை ஆற்றைத் தாண்டி மாற்றி, தெருக்களை நேர்கோட்டில் வகுத்துக் கட்டினார். அந்தப் புயல் வருவதற்குச் சற்று முன்புதான் கொலம்பஸ் தன் நான்காம் பயணத்தில் ஆற்று முகத்துவாரத்தில் வந்து நின்று, துறைமுகத்தில் ஒதுங்க இடம் கேட்டார். பெரும்புயல் வரப்போகிறது, ஸ்பெயினுக்குக் கிளம்பும் கப்பல்களை நிறுத்திவையுங்கள் என்றும் சொல்லியனுப்பினார். ஒவாண்டோ இரண்டையும் ஏற்கவில்லை. கிளம்பிய கப்பல்களில் பெரும்பகுதி மூழ்கிப்போயின. கொலம்பஸை முன்பு விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பிய பொபதிய்யாவும் அதில் செத்தார். கொலம்பஸோ அருகில் ஒரு வளைகுடாவில் ஒதுங்கித் தப்பித்துக்கொண்டார். எந்த ஊரை அவருடைய ஊர் என்கிறோமோ, அது அவருக்குக் கதவைத் திறக்க மறுத்த ஊர்.

தேவாலயத்தின் முன் உள்ள சதுக்கத்தில் 1887இல் வைத்த கொலம்பஸ் சிலை இருக்கிறது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையை நீட்டி நிற்கும் அவரை விட்டுவிட்டுப் பீடத்தைப் பாருங்கள். அரை நிர்வாணமாக ஒரு தாயினோ பூர்வகுடிப் பெண் மேலே ஏறி எட்டி, அவர் பெயரைக் கல்லில் எழுதுகிறாள். அவளை அனகவோனா என்பார்கள். ஹரகுவா நாட்டின் தலைவி, பாடல் கட்டுவதில் பேர்பெற்றவள். அவளைத் தூக்கிலிட ஆணையிட்டது ஒவாண்டோதான். அந்த ஒவாண்டோவுக்கும் சில தெருக்கள் தள்ளி, ஸ்பெயின் சதுக்கத்தில் ஒரு சிலை உண்டு. ஐரோப்பியர் வந்து அரை நூற்றாண்டுக்குள் தாயினோ மக்கள் கட்டாய உழைப்பாலும் பட்டினியாலும் நோயாலும் ஏறக்குறைய அழிந்துபோனார்கள். அப்படி அழிக்கப்பட்ட மக்களின் தலைவியைக் கொண்டே நன்றி எழுதவைத்த சிலையின் முன் பத்து நிமிடம் நிற்பது போதாது. சுற்றுலா வழிகாட்டிகள் அதற்குக்கூட நேரம் தருவதில்லை.

அடுத்து, 'முதல்'களின் பட்டியல். இதில் சில, வழக்கு தீராதவை. பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போப்பாண்டவரின் ஆணை 1538ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் அரச அங்கீகாரம் இருபது ஆண்டு கழித்துத்தான் வந்தது. 1551லேயே அரச ஆணை பெற்ற லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகம் இதை ஒத்துக்கொள்வதில்லை. கொலம்பஸின் மகன் டியேகோவுக்காகக் கட்டப்பட்ட அல்காசர் மாளிகை ஐநூறு ஆண்டுப் பழையது என்கிறார்கள். அது நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. நாம் இன்று பார்க்கும் முழு உருவம் 1950களில் எடுத்துக்கட்டியது. கட்டப்பட்ட கல் என்னவோ உண்மையானதுதான். பழைய நகரத்தின் சுவர்களில் கையை வைத்துக் கிட்டத்தில் பார்த்தால் சுண்ணாம்புக் கல்லுக்குள் பவளத்தின் நுண்ணிய கண்ணறைகள் அப்படியே தெரியும். கடலடியில் வளர்ந்ததை வெட்டிக் கட்டிய ஊர் அது.

எது முதலில் என்ற கேள்வியே பயணியைத் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பது என் எண்ணம். தேவாலயத்தையே பாருங்கள். 1540 வாக்கில் கட்டி முடித்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு எல்லோரும் வெளியேறுகிறார்கள். 1586 ஜனவரியில் ஆங்கிலேயர் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து இந்தத் தேவாலயத்தில்தான் முகாமிட்டார். பணம் கொடுக்கும்வரை ஊரைத் தெருத்தெருவாகக் கொளுத்துவது என்று ஆரம்பித்தார். கல் வீடுகள் எளிதில் எரியவில்லை. ஒரு மாதப் பேரத்துக்குப் பிறகு 25,000 டுக்காட் வாங்கிக்கொண்டு போனார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கூரை வளைவுகளை அண்ணாந்து பார்ப்பது வேறு.

முதல் மருத்துவமனையும் அப்படித்தான். சான் நிக்கோலாஸ் தே பாரி மருத்துவமனை 1503இல் ஒவாண்டோ நிறுவியது என்று பலகை சொல்லும். இன்று அது கூரையில்லாத செங்கல் வளைவுகள், பொந்துகளில் புறாக்கள். ஒவாண்டோவுக்கு முன்பே அதே இடத்தில் ஒரு கறுப்பினப் பெண் தன் குடிசையில் ஏழை நோயாளிகளைச் சேர்த்துப் பராமரித்தாள் என்று 17ஆம் நூற்றாண்டுப் பேராயர் ஒருவரின் கடிதம் சொல்கிறது. அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. 'முதல்' என்றால் அவளையல்லவா சொல்ல வேண்டும்?

என்னைக் கேட்டால், இந்த ஊரில் நடந்த ஆகப் பெரிய காரியம் கட்டடமே இல்லை. 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. டொமினிக்கன் சபைத் துறவிகள் தங்கள் ஓலைக்கூரைக் கோயிலுக்கு ஊர்ப் பெரியவர்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். ஆளுநர் டியேகோ கொலம்பஸும் வந்திருந்தார். அந்தோனியோ தே மொன்டெசினோஸ் என்ற துறவி எழுந்து, எந்த உரிமையில் இந்த மக்களை அடிமைகொண்டு கொல்கிறீர்கள், இவர்களும் மனிதர்கள்தானே என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். அது அவர் ஒருவரின் பேச்சு அல்ல. துறவிகள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டது. பெரிய மனிதர்கள் கொதித்துப்போய், அடுத்த ஞாயிறு வாக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு அவர் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அப்போது தானும் தாயினோ மக்களை வேலைக்கு வைத்திருந்த லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் பின்னாளில் மனம் மாறி, அவர்களுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். அந்தப் பிரசங்கம் நமக்குக் கிடைத்திருப்பதும் அவர் எழுதிவைத்ததால்தான். டொமினிக்கன் மடம் இன்றும் இருக்கிறது. மெக்சிகோ பரிசாகக் கொடுத்த மொன்டெசினோஸ் சிலை, வாயருகே கையைக் குவித்துக் கத்துகிற கோலத்தில், கடற்கரைச் சாலையில் மாடி வீட்டை விட உயரமாக நிற்கிறது. அரை நாள் பேருந்துகள் பெரும்பாலும் அதை ஓட்டத்திலேயே காட்டிவிட்டுப் போய்விடும்.

அல்காசரைப் பார்க்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். டியேகோவின் செல்வத்தில் கரும்பு ஆலையும் உண்டு. 1521 டிசம்பர் இறுதியில் அந்த ஆலையில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய டியேகோ, சில நாட்களிலேயே அடிமைகளை ஒடுக்கும் சட்டங்களை எழுதி வெளியிட்டார். கறுப்பின மக்களின் நடமாட்டத்தையே குற்றமாக்கிய சட்டங்கள் அமெரிக்கக் கண்டங்களில் பின்னால் எத்தனையோ வந்தன. அவற்றின் வேர் இந்த அழகான மாளிகையில் இருக்கிறது.

"அதைத் தாண்டி ஒண்ணும் இல்ல" என்ற கூற்றுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. பழைய நகரத்தின் மேற்கு எல்லையில் கொண்டே வாயில் இருக்கிறது. 1844 பிப்ரவரி 27 இரவு அங்கேதான் விடுதலைக் கொடி ஏறியது. யாரிடமிருந்து விடுதலை என்று கேட்டால் பயணிகள் பலரும் ஸ்பெயின் என்பார்கள். இல்லை, ஹைட்டியிடமிருந்து. 1822இல் வந்து இங்கே அடிமை முறையை ஒழித்ததும் அதே ஹைட்டி ஆட்சிதான். இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. கரும்பு வெட்ட வந்த ஹைட்டியர்களின் வழிவந்து இம்மண்ணிலேயே பிறந்த பெருந்தொகையானோரின் குடியுரிமையை, 1929 வரை பின்னோக்கிச் சென்று, 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பறித்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஒரு பகுதியினருக்கு மட்டுமே வழி செய்தது. எல் கொண்டே தெருவில் வரிசையாகச் சாய்த்துவைத்து விற்கும் பளிச்சென்ற ஹைட்டி ஓவியங்களை வாங்குகிறவர்கள் இதையும் அறிந்து வாங்க வேண்டும்.

வாயிலிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வந்தால் ஒரு தூபி நிற்கும். 1930 முதல் 1961 வரை நாட்டை இரும்புக் கையால் ஆண்ட ட்ரூஹியோ, தலைநகரத்துக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்டதைக் கொண்டாடக் கட்டிய தூபி அது. 1960 நவம்பர் 25 அன்று அவனுடைய ஆட்கள், அவனை எதிர்த்துப் போராடிய மிராபல் சகோதரிகள் மூவரை அடித்துக் கொன்றார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக அந்தத் தேதியை ஐ.நா. சபை 1999இல் அறிவித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, ட்ரூஹியோவின் தூபி முழுவதும் அந்தச் சகோதரிகளை ஓவியமாகத் தீட்டிவிட்டார்கள். பழைய நகரத்துக்குள்ளேயே எதிர்ப்பு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சிறைக் கொடுமைகளைக் காட்டும் கூடத்தைப் பார்த்துவிட்டு இந்தத் தூபிக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பிறகு மெட்ரோ ஏறுங்கள். 2009இல் ஓடத் தொடங்கிய முதல் தடம் வடக்கே வில்லா மெய்யாவில் ஆரம்பிக்கிறது. அந்த நிலையத்தின் பெயர் மாமா டிங்கோ: குடியானவர்களின் நிலத்துக்காகப் போராடி 1974இல் கொல்லப்பட்ட பெண். தெற்கே வர வர, ஹுவான் போஷ். தேர்தலில் வென்று 1963இல் ஏழே மாதத்தில் கவிழ்க்கப்பட்ட அதிபர். பாடகி கசாண்ட்ரா தமிரோன் பெயரில் ஒரு நிலையம். அடுத்தது ஹோவாகின் பலகேர். ட்ரூஹியோவின் கையாளாக இருந்து பின் பல்லாண்டு ஆண்டவர். அவருக்கு அடுத்த நிலையம் அமின் அபெல். பலகேரின் ஆட்சியில் 1970இல் போலீஸ் சுட்டுக்கொன்ற மாணவர் தலைவர். அடுத்தது காமானியோ, 1965இல் போஷை மீட்கக் கிளம்பிய எழுச்சிக்குத் தலைமை தாங்கி, 20,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரை இதே பழைய நகரத்தெருக்களிலிருந்து எதிர்த்தவர். 1973இல் பலகேரின் ஆட்சியில் அவரையும் கொன்றார்கள். கொன்ற ஆட்சியும் கொல்லப்பட்டவர்களும் அடுத்தடுத்த நிறுத்தங்களில் இருக்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் தினமும் இந்தப் பெயர்களைக் கேட்டபடி இறங்குகிறார்கள். உலகில் வேறெந்த அருங்காட்சியகம் இதைச் செய்யும்?

இரவு தங்குவது குறித்த பயம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நகரத்துக்கு உரிய எச்சரிக்கை போதும்: கைப்பேசியைத் தெருவில் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், இருட்டிய பிறகு ஆளில்லாச் சந்துகளைத் தவிருங்கள், தெரு கடக்கும்போது மோட்டார் சைக்கிள்களைக் கவனியுங்கள். பழைய நகரத்தின் தெருக்களில் இரவில் குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து டொமினோ ஆடுகின்றன. குளிக்கத் தக்க கடற்கரை நகரத்துக்குள் இல்லை என்பது மட்டும் முழு உண்மை. அதற்கு போகா சிகாவுக்குப் போக வேண்டும்.

இரவு தங்காதவர்கள் இழப்பது இசையை. ட்ரூஹியோ மெரெங்கே இசையைத் தன் புகழ்பாடப் பிடித்துவைத்திருந்தான். குடிசைப் பகுதிகளின் இசை என்று இகழப்பட்ட பச்சாதா, அவன் செத்த மறு ஆண்டுதான் முதன்முதலாக ஒலிப்பதிவானது. இன்று இரண்டும் யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கின்றன. பாழடைந்த சான் பிரான்சிஸ்கோ மடத்தின் அடிவாரத்தில் ஞாயிறு மாலைகளில் பல ஆண்டுகளாக நடந்துவந்த இலவசக் கச்சேரியில், எழுபது வயதுத் தம்பதியர் ஆடுவதைப் பார்க்கத்தான் உள்ளூர்க்காரர்களே வருவார்கள். மெட்ரோ தொடங்கும் வில்லா மெய்யாவில் ஆப்பிரிக்க வழிவந்த கொங்கோ சகோதரத்துவத்தின் பறையொலி, நூற்றாண்டுகளாகப் பண்டிகைகளிலும் சாவு வீடுகளிலும் கேட்கிறது.

சாப்பாட்டை நினைத்துச் சைவர்கள் தயங்க வேண்டாம். காலையில் வாழைக்காயை அவித்து மசித்து, வினிகரில் ஊறிய வெங்காயத்தை மேலே போட்டு மங்கு என்று தருவார்கள்; கூட வரும் சலாமியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, கல்லில் சுட்ட கசாபே அப்பளம்போல் மொறுமொறுவென்று இருக்கும். அது தாயினோக்களின் ரொட்டி. நம் ஊருக்கு மரவள்ளி வந்ததும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான்.

வியாழன் மாலை வந்து சேருங்கள். வெள்ளி முழுவதும் பழைய நகரம், வெயில் ஏறுவதற்குள் தேவாலயமும் மருத்துவமனை இடிபாடும், வெயில் தாழ்ந்ததும் மொன்டெசினோஸ் சிலை. சனிக்கிழமை எதிர்ப்பு அருங்காட்சியகம், தூபி, மெட்ரோ. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை போகிறவர்களுக்கு இரவில் கிஸ்கேயா மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் கிடைக்கும். நீலச்சட்டை லிசேயும் சிவப்புச்சட்டை எஸ்கொஹிதோவும் மோதும் நாளாக இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை இசைக்கு. திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் பூட்டியிருக்கும். அன்று காலை புன்டா கானாவுக்குக் கிளம்பலாம்.