வெண்ணெய் உருண்டையும் அப்பாவின் தொப்பையும்!

ஹாஸ்டல்ல இருந்து செங்கல்பட்டு வீட்டுக்குப் போனா, ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் தூக்கம். அதான் நம்ம சட்டம். போன வருஷம் ஒரு நாள் அஞ்சரைக்கே எழுப்பிட்டாங்க. ''கதவைச் சாத்திக்கோடா, நாங்க வாக்கிங் கிளம்பறோம்.'' சொன்னது அம்மா! பக்கத்துல புது ஷூவோட அப்பா.

எனக்கு நம்பிக்கையே இல்ல பாஸ். காரணம், அப்பாவோட ஹிஸ்டரி அப்படி. வயசு 58, எடை 91 கிலோ. சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் சொன்னதும் தனியா மூணு தடவை முயற்சி பண்ணார். முதல்ல ட்ரெட்மில் வாங்கினார். அதுல இப்ப துணி காயுது! அடுத்து ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தின்னார். எங்களுக்கு ஊத்தின தோசை வாசனையில, 'ஒண்ணே ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சு நாலுல முடிச்சார். மூணாவதா தனியா வாக்கிங். டீக்கடை வரைக்கும் போய், வடையோட திரும்பி வந்தார்.

அம்மாவுக்கு 78 கிலோ, முட்டி வலி வேற. ''ஏம்மா, நீ எதுக்கு?''ன்னேன். ''பெரியப்பாவுக்கு சுகர்ல விரலை எடுத்தாங்களே, பார்த்தேல்ல? இவரைத் தனியா விட்டா நடக்க மாட்டார்டா''ன்னாங்க. அதுக்கு மேல பேசல.

அம்மா கணக்கு கரெக்ட். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள், 50 வயசைத் தாண்டின 3,722 ஜோடிகளை ஆராய்ஞ்சு 2015-ல முடிவை வெளியிட்டாங்க. மனைவியும் எடை குறைஞ்ச வீட்டுல ஆண்கள் 26 சதவிகிதம் பேர் குறைஞ்சிருக்காங்க. மனைவி குறையலைன்னா வெறும் 10. பெண்களுக்கு இதே கணக்கு 36-ம் 15-ம்! ஆச்சரியமே இல்ல... ஒரே அடுப்பு, ஒரே குழம்புச் சட்டி. ஒருத்தர் மட்டும் டயட் இருந்தா எப்படி வேலைக்காகும்?

எங்க வீட்டு ஃபார்முலா சிம்பிள். கொளவாய் ஏரிக் காத்து வாங்கிக்கிட்டு தினம் அரை மணி நேரம் நடை. தட்டுல பாதி காய், சோறு ஒரு கரண்டி. முறுக்கு டப்பாவுல இப்ப வேர்க்கடலை. மாசத்துல ஒரு ஞாயிறு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறி, கடற்கரை மணல்ல நடப்பாங்க. அங்க வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்து அப்பா சொன்ன டயலாக்: ''அதான்டி என் பழைய தொப்பை!''

நடுவுல ரெண்டு மாசம் மெஷின் முள் நகரவே இல்ல. அப்பா ஜகா வாங்கப் பார்த்தார். அப்ப நான் எடுத்துவிட்டது 2006-ல வெளியான சென்னை ஆய்வு. சுகர் வர்ற நிலையில இருந்த 531 பேரை வெச்சுப் பண்ணது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடுன்னு மாறினவங்களுக்கு எடை பெருசா குறையலைன்னாலும், சுகர் வர்ற வாய்ப்பு சுமார் 28 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. ''அப்ப முள்ளை விடு, ஷூவை எடு''ன்னாங்க அம்மா.

ஒரு வருஷம் ஆச்சு. அப்பா 84, அம்மா 72. அப்பாவோட மூணு மாச சராசரி சுகர் 6.3-ல இருந்து 5.8. (ஏற்கெனவே சுகர் மாத்திரை போடறவங்க வீட்டுல, டாக்டரைக் கேட்காம சாப்பாட்டுல கை வைக்காதீங்க!)

போன மாசம் திருக்கழுக்குன்றம் போனோம். ஐநூறுக்கும் மேல படிகள். முட்டியால அம்மா பல வருஷமா கீழேயே நின்னு கும்பிட்ட மலை. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டியில நாலு கிலோ பாரம் குறையுமாம். ஆறு கிலோவுக்கு 24 கிலோ... கிட்டத்தட்ட அரை மூட்டை சிமென்ட்! ரெண்டு இடத்துல உட்கார்ந்து, அப்பா கையைப் பிடிச்சு ஏறிட்டாங்க.

நான்? பாதியிலேயே நாக்கு தள்ளிடுச்சு. மேல இருந்து அம்மா குரல்: ''டேய், நாளையில இருந்து நீயும் வர்றே!''

எனக்கு வயசு இருபதுதான் மக்கா!